பதினாறு மில்லிமீட்டர் மலை

“அண்ணா, ஃபுல் ஃப்ரேம் பாடி வாங்கினா மலை முழுசா வருமா?”

திருவண்ணாமலை ரமண நகரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் தம்பி கேட்டான். ஆறு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படமெடுத்துச் சம்பாதிப்பவன். அவனிடம் இருப்பது சிறிய சென்சார் உள்ள ஒரு கிராப் பாடி, அதோடு வந்த 18–55 கிட் லென்ஸ், பிறகு ஆசைப்பட்டு வாங்கிய ஒரு 50. செங்கம் சாலை ஓரத்தில் நின்று அந்த 50 வழியாக அண்ணாமலையைப் பார்த்தால், உச்சி உள்ளே வரும்போது அடிவாரம் வெளியே போகிறது. அடிவாரத்தைப் பிடித்தால் உச்சி அறுபடுகிறது. கேமரா விற்கும் ஒருவர் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார். கிராப் பாடியில் 50 லென்ஸ் 75 ஆகிவிடுமாம். லென்ஸின் உண்மையான பார்வை ஃபுல் ஃப்ரேமில்தான் கிடைக்குமாம். பெரிய சென்சாரில் தூரமும் ஆழமும் வேறு மாதிரி தெரியுமாம். தவணையில் வாங்க ஏற்பாடும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

லட்சத்தைத் தாண்டும் செலவு. சீசனில் மட்டும் வருமானம் உள்ள ஒரு வீட்டுக்கு அது சின்னத் தொகை அல்ல. அதனால் விற்பனையாளரின் மூன்று வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி எடைபோட வேண்டும் என்று தோன்றியது. இவை அவர் ஒருவருடைய வாக்கியங்களும் அல்ல. தமிழில் கேமரா பற்றிப் பேசுகிற எவரிடமும், ஏறக்குறைய இதே சொற்களில் இவற்றைக் கேட்கலாம்.

முதலில் மலையை அளந்துவிடலாம். அண்ணாமலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். ஊர் இருக்கும் தரை மட்டத்தைக் கழித்தால் நம் கண்ணுக்கு முன் எழுந்து நிற்பது தோராயமாக 640 மீட்டர். ரமணாசிரமத்துப் பக்கம் நிற்பவருக்கு உச்சி நேர்கோட்டில் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 640-ஐ 2000-ஆல் வகுத்தால் 0.32. நம்மிடமிருந்து மலை இருக்கும் தூரத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதன் உயரம்.

இப்போது 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸை எடுத்துக்கொள்வோம். வெகு தூரத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னால் குவியத் தூரத்தில் விழுகிறது. பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணங்கள்தான்: மலையும் தூரமும் ஒரு முக்கோணம், பிம்பமும் குவியத் தூரமும் இன்னொரு முக்கோணம். 50-ஐ 0.32-ஆல் பெருக்கினால் 16. அந்த லென்ஸ் வரையும் அண்ணாமலையின் உயரம் 16 மி.மீ. இந்தக் கணக்கில் சென்சார் எங்கேயும் நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் ஃபுல் ஃப்ரேம் இருந்தாலும், கிராப் இருந்தாலும், வெறும் ட்ரேசிங் காகிதம் இருந்தாலும் மலை 16 மி.மீ.தான்.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உள்ளது. தம்பியிடம் இருக்கும் பாடியின் சென்சார் 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். பதினாறு மில்லிமீட்டர் மலை முதலாவதில் வானத்துக்கும் தரைக்கும் இடம் விட்டு வசதியாக உட்காரும். இரண்டாவதில் மயிரிழையில் இடிக்கும். அவன் கண்ணால் கண்டது பொய்யில்லை. அதற்கு அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம்தான் பிழை.

அவனுக்கு இதைக் கணக்கில் காட்டியதைவிட, கண்ணால் காட்டியதில்தான் விளங்கியது. மலையைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையின் கதவைச் சாத்தி மற்ற வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டோம். படிக்கப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியைப் பிடித்து, அதற்குப் பின்னால் ஏறக்குறைய 20 செ.மீ. தள்ளி ஒரு தபால் அட்டையை நீட்டினோம். அட்டையில் அண்ணாமலை தலைகீழாக, ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், வண்ணத்தோடு விழுந்தது. பிறகு தபால் அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு தீப்பெட்டியைப் பிடித்தோம். மலையின் நடுப்பகுதி மட்டும் அதில் விழுந்தது. உச்சியும் அடிவாரமும் பெட்டியைத் தாண்டிக் காற்றில் போயின. மலை அங்குலம்கூட வளரவில்லை. கண்ணாடியும் மாறவில்லை. பிம்பத்தை ஏந்திய பரப்பு மட்டும் சிறுத்தது. தீப்பெட்டியில் விழுந்ததைத் தபால் அட்டை அளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டால் மலை கிட்டே வந்த மாதிரி இருக்கும். கிராப் சென்சாரில் நடப்பது முழுக்க இதுதான்.

ஆகவே முதல் வாக்கியத்தைத் தள்ளிவிடுகிறேன். 50 லென்ஸ் 75 ஆவதில்லை. குவியத் தூரம் என்பது கண்ணாடியின் வளைவும் அடுக்கும் தீர்மானிக்கும் குணம். பின்னால் வைக்கும் சென்சார் அதைத் தொட முடியாது. 50 லென்ஸ் கிராப் சென்சாரில் காட்டும் பரப்பும், 75 லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் காட்டும் பரப்பும் ஏறக்குறைய ஒன்று. இவ்வளவே உண்மை. “அந்த அளவு காட்டும்” என்பதற்கும் “அதுவாக மாறும்” என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் ஒரு லட்சம் ரூபாய் தவணை நிற்கிறது.

“லென்ஸின் உண்மையான பார்வை” என்ற சொல்லை இன்னும் கடுமையாகவே பார்க்க வேண்டும். 36-க்கு 24 என்ற அளவு எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக், 1913 வாக்கில் ஒரு சிறு கேமராவைச் செய்து பார்த்தார். சினிமாவுக்காக வெட்டப்பட்ட 35 மி.மீ. ஃபிலிம் தாராளமாகக் கிடைத்த காலம். சினிமாவின் ஒரு சட்டகம் 18-க்கு 24 மி.மீ. அது புகைப்படத்துக்குச் சிறிதாக இருந்ததால் இரண்டு சட்டகங்களைச் சேர்த்து 24-க்கு 36 என்று வைத்துக்கொண்டார். 1925-இல் லைக்கா விற்பனைக்கு வந்தது. கண்ணாடித் தட்டில் படமெடுத்துப் பழகிய அன்றைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்த அளவு ஒரு குட்டி அளவு. ‘மினியேச்சர்’ என்றே அதை அழைத்தார்கள். இன்று நாம் ‘முழு’ என்று வணங்குவது அன்றைக்குச் சிறுசு.

அந்தக் காலத்து அரைத்தட்டு என்பது ஏறத்தாழ 165-க்கு 121 மி.மீ. அதற்குச் சாதாரணமாகப் போட்ட லென்ஸ் 210 மி.மீ. அளவில் இருக்கும். 210 என்றால் இன்றைய பையன்கள் “பெரிய டெலி, கிரிக்கெட்டுக்கு ஆகும்” என்பார்கள். ஆனால் அரைத்தட்டுக் கேமராவுக்கு அதுதான் கண்ணுக்கு இயல்பான பார்வை. கைபேசியிலோ இதே இயல்புக்குப் பக்கத்தில் வர, பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் போதும். மில்லிமீட்டரை மட்டும் சொல்லி, அது விழும் பரப்பைச் சொல்லாமல் விடுவது, படியைச் சொல்லாமல் “மூன்று அளந்து போடு” என்பது மாதிரி.

பிறகு ‘கிராப்’ என்ற சொல் ஏன் வந்தது? 1999-இல் நிக்கான் டி1 வந்தபோது அதன் சென்சார் 23.7-க்கு 15.6 மி.மீ. தான். சிலிக்கான் வட்டத்தட்டிலிருந்து வெட்டப்படும் சில்லு பெரிதாகப் பெரிதாக, ஒரு தட்டில் கிடைக்கும் எண்ணிக்கை குறைகிறது. ஒவ்வொரு சில்லிலும் குறை விழும் வாய்ப்பும் கூடுகிறது. விலை அதனால் பல மடங்கு ஏறுகிறது. கேனான் தன் முழு அளவு 1டிஎஸ்-ஐ 2002-இல் கொண்டுவந்தது. நிக்கானுக்கு டி3 வர 2007 ஆயிற்று. ஆனால் தொழில்காரர்களிடம் ஏற்கெனவே ஃபிலிம் காலத்து லென்ஸ்கள் இருந்தன. 24 எவ்வளவு காட்டும், 85 எவ்வளவு காட்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தைப் புதுச் சென்சாருக்கு மாற்றிக்கொள்ள 1.5, 1.6 என்று ஒரு பெருக்கெண் தேவைப்பட்டது. அவர்களுக்கு அது உதவியது, மறுக்கவில்லை. ஃபிலிமையே தொட்டிராத, கைபேசியில் தொடங்கிக் கிராப் பாடிக்கு வந்த ஒரு தலைமுறைக்கு அந்தப் பெருக்கெண் எதை ஞாபகப்படுத்தும்? தெரியாத ஊரின் தூரத்தை இன்னொரு தெரியாத ஊரிலிருந்து அளந்து சொல்வதுதான் அது.

அதற்குப் பதிலாக ஒரு வகுத்தலைப் பழகிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. சென்சாரின் அகலத்தைக் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 36-ஐ 50-ஆல் வகுத்தால் 0.72. அப்படியென்றால் பத்தடி தள்ளி நின்றால் ஏழேகால் அடி அகலம் படத்தில் வரும். 23.5-ஐ 50-ஆல் வகுத்தால் 0.47, பத்தடிக்கு நாலே முக்கால் அடிதான். தம்பியின் கிட் லென்ஸை 18-இல் வைத்தால் 1.3, பத்தடிக்குப் பதின்மூன்று அடி. மணமேடையில் எத்தனை பேரை நிற்க வைக்கலாம், மண்டபத்தில் பின்னால் எவ்வளவு நகர இடம் வேண்டும் என்பதெல்லாம் இதில் நேராகக் கிடைக்கிறது. பெருக்கெண் வேண்டாம், பழைய ஃபிலிமோடு ஒப்பீடு வேண்டாம், கோணத்துக்கு டிகிரி பார்க்கும் அட்டவணையும் வேண்டாம். அரைத்தட்டுக்கு 165-ஐ 210-ஆல் வகுத்தால் 0.79. எண்பது வருஷத்துக்கு முந்தைய கேமராவையும் இன்றைய கைபேசியையும் ஒரே தராசில் வைக்க முடிகிறது.

இந்தத் தராசை ஆசிரமத்துக்குள்ளேயே ஒரு பெரிய பெயரை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 1950 ஏப்ரலில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் திருவண்ணாமலையில் இருந்தார். ஏப்ரல் 14 இரவு 8:47-க்கு மகரிஷி உடலை நீத்த நேரத்தில் வானத்தில் ஓர் ஒளி நகர்ந்து போனதைக் கண்டதாக அவர் சொன்னது ஆசிரமத்துக்கு வரும் எல்லாரும் அறிந்த செய்தி. அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கையில் வைத்திருந்தது லைக்காவும் 50 மி.மீ. லென்ஸும். பர்னாக்கின் அந்தக் குட்டி அளவும், 0.72 என்ற விகிதமும்தான் அவர் கண்.

அதே 50-ஐ ஒரு கிராப் பாடியில் மாட்டி, ஆசிரமத்துச் சிறிய அறை ஒன்றில் ஒருவர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். லைக்காவுக்கு 2 மீட்டர் தள்ளி நின்றால் 1.44 மீட்டர் அகலம் கிடைக்கும்; சாய்ந்து அமர்ந்திருக்கும் ஒருவரும், பக்கத்தில் ஒரு கையும், விசிறியும் அடங்கும். கிராப் பாடியில் அதே அகலத்துக்கு 3 மீட்டருக்கு மேல் பின்வாங்க வேண்டும். அறை அதற்கு விடாது. விட்டாலும், ஒரு மீட்டர் பின்னால் போன பிறகு அது அதே படம் அல்ல. முன்னால் இருப்பவருக்கும் பின்சுவருக்கும் உள்ள உறவு மாறிவிடும். அந்த இடத்தில் கிராப் பாடிக்காரருக்குத் தேவை பெரிய சென்சார் அல்ல, 33 மி.மீ. பக்கத்தில் ஒரு லென்ஸ். 23.5-ஐ 33-ஆல் வகுத்தால் 0.71. கடைகளில் 35 என்ற எண்ணோடு கிடைக்கும் சாதாரண லென்ஸ் இந்த வேலையைச் செய்துவிடும். நின்ற இடமும் காட்டும் அகலமும் ஒன்றாக இருந்தால், இரண்டு படங்களிலும் உருவங்களின் அமைப்பு ஒன்றாகவே இருக்கும்.

இது இரண்டாவது சோதனைக்குக் கொண்டுபோகிறது. பெரிய சென்சாரில் தூரமும் ஆழமும் வேறு மாதிரி தெரியும் என்ற வாக்கியம். இதைச் சோதிக்க அண்ணாமலையார் கோயிலின் கிழக்கு ராஜகோபுரத்தைப் போல வேறு பொருள் அமைவது அரிது. பதினொரு நிலை, 217 அடி, அதாவது 66 மீட்டர். அதன் பின்னே சற்று வலப்புறமாக, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் தள்ளி மலையுச்சி. கோபுரத்துக்கு 100 மீட்டர் முன்னால் நின்று பார்த்தால் கோபுரம் மலையைப்போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். 200 மீட்டருக்குப் போனால் இரண்டும் சமம். 500 மீட்டர் பின்னால் போனால் மலை கோபுரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் எழுந்து நிற்கும். தோராயக் கணக்குதான், ஆனால் ஊரில் பிறந்த யாரும் நடந்து பார்த்து ஒப்புக்கொள்வார்கள். தூரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது மலைதான் தெரியும், கோபுரம் அதன் காலடியில் சிறு முனை. தேரடிக்கு வந்து தலையைத் தூக்கினால் கோபுரம் வானத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த மூன்று இடங்களிலும் கைபேசியை நீட்டினாலும், கிராப் பாடியை நீட்டினாலும், அரைத்தட்டுக் கேமராவை முக்காலியில் நிறுத்தினாலும் கோபுரத்துக்கும் மலைக்கும் உள்ள விகிதம் மாறாது. மாற்றுவது கால் மட்டும்தான். சென்சாரும் லென்ஸும் சேர்ந்து, அந்தக் காட்சியில் எவ்வளவை உள்ளே எடுப்பது என்று வேலி போடுகின்றன. டெலி லென்ஸ் மலையைக் கோபுரத்தோடு ஒட்டிவிடுகிறது என்பார்கள். ஒட்டியது டெலி அல்ல. டெலி மாட்டியவர் அரைக் கிலோமீட்டர் பின்னால் போனதுதான்.

செங்கம் சாலைக் கடைகளில் வரிசையாகத் தொங்கும் மகரிஷியின் மார்பளவுப் படத்துக்கும் இதைப் பொருத்தலாம். பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் 1946-இல் எடுத்தது. அந்த முகத்தின் அமைதி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதல் காரணம் அந்த முகம்தான். அதில் எனக்குத் தர்க்கம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் மூக்கும் காதும் நெற்றியும் தத்தம் அளவில் நிற்பது கேமரா நின்ற தூரத்தால். முகத்துக்கு ஓரடியில் கைபேசியை நீட்டி எடுத்துப் பாருங்கள், மூக்கு முன்னே வந்து காது பின்னே ஓடும். ஆறடி தள்ளி நின்று, பிறகு நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள், முகம் சரியாகிவிடும். சென்சார் அதேதான், லென்ஸும் அதேதான். விற்பனையாளரின் இரண்டாவது வாக்கியமும் மூன்றாவது வாக்கியமும் இத்துடன் விழுந்தன.

எதிர்க்கட்சியிலும் ஒரு மிகைப்பேச்சு உண்டு, அதையும் விடக்கூடாது. கிராப் பாடி வைத்திருப்பவர்கள் “எங்களுக்கு ஜூம் இலவசம்” என்பார்கள். 200 லென்ஸ் 300 மாதிரி வேலை செய்கிறது, பறவைக்கும் மலையுச்சித் தீபத்துக்கும் இதுதான் சிறந்தது என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் அந்தப் பாதி சென்சாரின் அளவிலிருந்து வருவதல்ல. 24 மெகாபிக்சல் என்றால் இரண்டு சென்சாரிலும் குறுக்கே சுமார் 6000 புள்ளிகள். ஃபுல் ஃப்ரேமில் அவை 36 மி.மீ. மீது பரவியிருக்கின்றன; ஒரு மில்லிமீட்டருக்கு 167. கிராப்பில் 23.5 மி.மீ. மீது, ஒரு மில்லிமீட்டருக்கு 255. நம் பதினாறு மில்லிமீட்டர் மலை முதலாவதில் சுமார் 2670 புள்ளி உயரம். இரண்டாவதில், விளிம்பில் இடிப்பதை மறந்துவிட்டால், 4000-க்கு மேல். ஆகவே மலையில் ஏறிப் போகும் ஒருவரைத் தேடிப் பெரிதாக்கும்போது கிராப் பாடியில் விவரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இது புள்ளிகளின் நெருக்கம் தருவது. 2019-இல் வந்த சோனி ஏ7ஆர் 4 போன்ற 61 மெகாபிக்சல் முழு அளவுச் சென்சாரில் புள்ளிகள் அதே நெருக்கத்தில் இருக்கின்றன. அதன் நடுவைக் கிராப் அளவுக்கு வெட்டினால் 26 மெகாபிக்சல் கிடைக்கிறது. அங்கே கிராப் பாடியின் சலுகை மறைந்துவிடுகிறது. இலவசம் என்று ஒன்றுமில்லை; விலை குறைவு என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

விளம்பரங்களில் நடக்கும் இன்னொரு கணக்குப் பிழை இதைவிட மோசமானது, ஏனென்றால் அது பாதியை மட்டும் பெருக்குகிறது. 50 எஃப் 1.8 லென்ஸை “75 எஃப் 1.8-க்குச் சமம்” என்று எழுதுகிறார்கள். பின்னணி எவ்வளவு கரையும் என்ற கணக்கில் குவியத் தூரத்தைப் பெருக்கினால் எஃப் எண்ணையும் பெருக்க வேண்டும். அப்போதுதான் ஒப்பீடு நேர்மையாகும்: 75 எஃப் 2.7. வெளிச்சம் பற்றிய குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. எஃப் 1.8 என்றால் சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றே. அதனால் ஷட்டர் வேகம் மாறாது. ஆனால் ஃபுல் ஃப்ரேமின் பரப்பு 864 சதுர மி.மீ., கிராப்பின் பரப்பு சுமார் 367. மொத்தமாகச் சேரும் வெளிச்சம் 2.36 மடங்கு. இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தெறித்த மாதிரி வரும் இரைச்சல், மொத்த வெளிச்சம் கூடும்போது குறைகிறது. விற்பனையாளர் பார்வையைப் பற்றி இல்லாததைச் சொன்னார். ஃபுல் ஃப்ரேமுக்கு உண்மையாகவே இருக்கும் இந்த வலிமையைச் சொல்லவில்லை.

இனி விரிந்த காட்சி. கிராப் பாடியில் அகலம் கிடைக்காது என்ற குறை 2000-களின் தொடக்கத்தில் நியாயமாக இருந்தது. ஃபிலிம் காலத்து 24-ஐக் கிராப் பாடியில் போட்டால் ஓரங்கள் அறுபட்டன. அதைவிட அகலமான லென்ஸ்கள் அரிதாகவும் விலையாகவும் இருந்தன. ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி, அண்ணாத்திப் பிடிக்காமல் மட்டமாகப் பிடிக்கிறோம். அப்போதுதான் கோபுரத்தின் பக்கங்கள் மேலே போகப் போகச் செயற்கையாகக் குவியாமல், சிற்பி வைத்த சரிவிலேயே நிற்கும். ஃபுல் ஃப்ரேமில் 24 என்றால் 86 மீட்டர் தள்ளி நின்றால் கலசம் வரை வரும். கிராப்பில் அதே 24 என்றால் 132 மீட்டர் போக வேண்டும். அதற்குள் கடைப் பலகையும் மின்கம்பியும் பஸ்ஸும் நடுவே வந்துவிடும். ஆனால் கிராப்பில் 16 போட்டால் 88 மீட்டர். 10 மி.மீ.-இல் தொடங்கும் கிராப் வைட் ஜூம்கள் இப்போது புது ஃபுல் ஃப்ரேம் பாடியின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன. சிறிய பிம்ப வட்டத்தை மட்டும் வரைந்தால் போதும் என்பதால் அவை எடை குறைந்தவையும்கூட. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் தோளில் தொங்கும் பைக்கு அது பெரிய ஆறுதல்.

அந்த லென்ஸ்களுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். நாளைக்கு ஃபுல் ஃப்ரேம் வாங்கினால் அவை அதற்கு ஆகாது. பிம்ப வட்டம் எட்டாமல் மூலைகள் இருண்டுவிடும். மறுபக்கம், ஃபுல் ஃப்ரேம் லென்ஸைக் கிராப்பில் போட்டால் வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் பயன்படுவதால் மூலைகளின் குறைகள் வெட்டுப்பட்டுவிடுகின்றன. அதை ஒரு லாபமாக முழுக்க எழுதிக்கொள்ளவும் முடியாது. அதே அளவு அச்சுக்கு அந்தச் சிறிய பிம்பத்தை ஒன்றரை மடங்கு அதிகம் பெரிதாக்க வேண்டியிருப்பதால், லென்ஸில் இருக்கும் மங்கலும் ஒன்றரை மடங்கு பெரிதாகிறது. மலிவான லென்ஸில் இது கண்ணுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் எடைபோட்ட பிறகு தம்பியிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். மலை முழுதாக வரவில்லை என்பதற்காகச் சென்சார் மாற்றுவது தவறான மருந்து. அவன் கையில் இருக்கும் கிட் லென்ஸை 35-க்குத் திருப்பினாலே மலை 11 மி.மீ. உயரத்துக்கு இறங்கி, 15.6-க்குள் சுகமாக உட்காரும். மேலும் அகலம் வேண்டுமென்றால் 10-இல் தொடங்கும் வைட் ஒன்று வாங்கலாம். ‘ஃபுல் ஃப்ரேம் பார்வை’ என்று தனியாக ஒரு பார்வை கிடையாது. எந்தச் சென்சாருக்கும் ஏற்ற குவியத் தூரத்தைத் தேர்ந்தால் எந்தப் பரப்பையும் பார்க்கலாம். எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பெருக்கெண்ணை ஒரு மாற்று அட்டவணையாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதை விளக்கமாகச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். அது பார்வை பற்றிய பொய்யைக் கற்பிக்கிறது, அந்தப் பொய்க்கு உழைப்பவர்கள் வட்டி கட்டுகிறார்கள்.

ஒரு மாலைக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும். கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணி, உச்சியில் கொப்பரையில் சுடர் எழும் நேரம். சுடரை 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ரமண நகர் மாடியிலிருந்து 200 லென்ஸில் அது 0.3 மி.மீ.க்கும் குறைவு. கிராப் பாடியில் சுமார் எழுபது புள்ளி, அதே 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஐம்பதுக்குள். சுடர் மட்டும் வேண்டுமென்றால் கிராப் போதும், ஏனென்றால் சுடருக்கு வெளிச்சம் அதனிடமே இருக்கிறது. ஆனால் தம்பி எடுக்க ஆசைப்படுவது சுடரை அல்ல. இருண்டுகொண்டு வரும் நீலத்தில் மலையின் விளிம்பு, அதன் மடிப்புகளில் ஏறிக்கொண்டிருக்கும் சிறு சிறு விளக்குகள், கீழே மாடி மாடியாகக் கைகூப்பி நிற்கும் ஜனங்கள், எல்லாம் ஒரே படத்தில். கையில் பிடித்துக்கொண்டு, ஜனங்கள் அசையும் வேகத்தில், மங்கும் வெளிச்சத்தில். அங்கே 2.36 மடங்கு வெளிச்சம் நிஜமான வித்தியாசம்.

அதற்கு வாடகை போதும். முன்பதிவு செய்யாவிட்டால் தீபத்தன்று எங்கும் கிடைக்காது என்பதால், ஐப்பசியிலேயே சொல்லி வைக்கச் சொன்னேன். அன்று மாலையே அவன் மாடியில் ஏறி, கையை நீட்டிக் கட்டைவிரலால் மலையை அளந்துகொண்டிருந்தான்.